இரண்டிலிருந்து மூன்றுக்கு

பெட்ரோல் எஞ்சின் பாதி நேரம் மூச்சுத்திணறலில்தான் ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் காற்று வரும் வழியில் ஒரு வட்டத் தகடு குறுக்கே நின்றுகொள்ளும். உள்ளே பிஸ்டன்கள் காற்றுக்காக இழுக்கும், காற்று வராது. அந்த இழுப்பில் இன்டேக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். காலை அழுத்த அழுத்தத் தகடு திறக்கும், காற்று பாயும், வெற்றிடம் குறையும். தரைவரை அழுத்தினால் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. ஆக, அந்தக் குழாயில் ஒரு ஊசித்துளை போட்டு ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டினால், எஞ்சின் இந்த நொடியில் எவ்வளவு சிரமப்படுகிறது என்று மறுமுனையில் தெரிந்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் வேண்டாம், சென்ஸார் வேண்டாம், கரண்டே வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1964-இல் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400 கியர்பாக்ஸில் இப்படித்தான் ஒரு ஹோஸ் வந்து சேரும். அது முடியும் இடத்தில் இருக்கும் டப்பாவுக்குப் பெயர் மாடுலேட்டர்.

டீசலில் அந்தத் தகடே கிடையாது. காற்று எப்போதும் முழுசாக உள்ளே போகும். எவ்வளவு எண்ணெய் தெளிக்கிறோம் என்பதை வைத்து மட்டும்தான் வேகம் கூடுவதும் குறைவதும். அதனால் இன்டேக்கில் வெற்றிடம் இல்லை. ஹோஸ் வைத்துக் கேட்டாலும் டீசல் வாயைத் திறக்காது.

ஆனால் மெர்சிடிஸ் பென்ஸ் 1980களின் தொடக்கத்தில் போட்ட 722.3 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக், பெட்ரோல் காருக்கும் போகும் டீசல் காருக்கும் போகும். அதற்கு மாடுலேட்டரில் வெற்றிடம் வந்தாக வேண்டும். டீசல் காரில் பிரேக்குக்காக ஏற்கெனவே ஒரு வேக்கம் பம்ப் இருந்தது. எஞ்சின் ஓடும்வரை அது ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சீரான இழுப்பிலிருந்து ஒரு கிளை பிரித்து, டீசல் பம்பின் மேல் ஒரு சின்ன வால்வை உட்காரவைத்து, ஆக்ஸிலரேட்டர் அழுத்தப்படும் அளவுக்கு அந்த வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றை உள்ளே விடும்படி செய்தார்கள். கால் எடுத்திருந்தால் வேக்கம் அதிகம், கால் அழுந்தினால் குறைவு. பெட்ரோல் எஞ்சினின் மூச்சுத்திணறலை டீசல் நடித்துக் காட்டுகிறது. கியர்பாக்ஸும் நம்பிவிடுகிறது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தினப்படி காட்சி. பழைய சிஸ்டம் ஒன்று குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு தகவலை எதிர்பார்க்கும். புதிதாக வந்து சேர்ந்ததிடம் அந்தத் தகவலே இருக்காது. நடுவில் ஒன்று உட்கார்ந்துகொண்டு அதே வடிவத்தில் ஒரு பொய்யைத் தயாரித்துத் தந்துகொண்டே இருக்கும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த நடுவாந்திரப் பொய்தான் கம்பெனியின் உயிர்நாடியாக இருக்கும், அதை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

என்னிடம் இருப்பது 1983-ஆம் வருஷத்து 300டி டர்போ டீசல். டபிள்யூ123 என்ற வரிசை. 1976-இல் தொடங்கி பத்து வருஷத்தில் சுமார் 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள். ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர். கலிஃபோர்னியாவில் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்க ஒரு சட்டக் காரணம் உண்டு: 1997-க்கும் அதற்கு முந்தைய மாடல் டீசல் கார்களுக்கு இங்கே புகைப் பரிசோதனை கிடையாது. இன்னொரு காரணம், 2000களில் வந்துபோன தாவர எண்ணெய் மோகம். ஹோட்டல் பின்வாசலில் பழைய எண்ணெயை வாங்கி, வடிகட்டி, சூடாக்கி இந்த எஞ்சினில் ஊற்றி ஓட்டினார்கள். என் வண்டியும் அந்த வழியில் வந்ததுதான். டிக்கியைத் திறந்தால் வெயில் நாளில் இன்றைக்கும் லேசாக பஜ்ஜிக் கடை வாசனை வரும். மூன்று வருஷம் முன்னால் 3,800 டாலருக்கு வாங்கினேன். வாரக்கடைசியில் ஓட்டவும், கீழே படுத்துக்கொண்டு எதையாவது கழற்றவும் ஒரு வண்டி. அது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது கொஞ்சம் உதைக்கும். பழைய வண்டி, உதைக்கத்தான் செய்யும் என்று எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

போன ஏப்ரலில் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்தாள். ஐந்து மாதம் முன்னால் மதுரையில் இடுப்புத் தண்டுவடத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். தனியாக விட மனசில்லாமல் அழைத்துக்கொண்டோம். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. வருகையாளர் இன்சூரன்ஸில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் எதுவும் கிடையாது என்பதை இங்கே பெற்றோரை அழைத்த எல்லோரும் ஒருமுறையாவது பொடி எழுத்தில் படித்திருப்பார்கள். கைக்காசுதான். மனைவி காலை ஆறரைக்கு அவள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிப்போக என்னிடம் இருந்தது அந்த மெர்சிடிஸ்.

முதல் நாள் ஏறியதும் அம்மாவுக்கு சீட் பிடித்துப்போயிற்று. உள்ளே நிஜமான ஸ்பிரிங் வைத்த சீட். "பழைய அம்பாசிடர் மாதிரி இருக்குய்யா" என்றாள். மிஷன் புலவார்டில் முதல் சிக்னல் பச்சை விழுந்து, 25 மைல் வேகத்தில் மூன்றாவது கியர் விழுந்தபோது அவள் வலதுகை கதவுப் பிடியைப் போய்ப் பற்றியது. எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கவனித்தேன்: கியர் விழுவதற்கு முன்பே கை போய்விடுகிறது.

"எப்படிம்மா தெரியுது?"

"சத்தம் ஏறிக்கிட்டே வந்து ஒரு எடத்துல நிக்கும்லா. அப்போ வரும்."

"வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லய்யா. சுருக்குனு ஒரு இது. நீ ரோட்டப் பாரு."

வீட்டிலிருந்து அந்த கிளினிக்குக்குப் போக 14 சிக்னல். திரும்பிவர 14. எல்லாவற்றிலும் நிற்க வேண்டி வராது என்றாலும், ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தச் சுருக்கு. வலியைக் குறைக்கத்தான் போகிறோம், போகிற வழியெல்லாம் குத்திக்கொண்டே போகிறோம். வேறு கார் வாங்கலாம் என்று மனைவி சொன்னாள். ஆறு மாதத்துக்காகவா என்றேன். வாடகைக்கு எடு என்றாள். நியாயம்தான். வாடகைக் காரில் ஒரு வாரம் போனோம். அதன் சீட் தாழ்வு, ஏறி இறங்குவதே அம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. "அந்தப் பழைய வண்டியே வா" என்றாள்.

கியர் மாறுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் இருக்கும். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை எதோடு சேர்த்துக் கட்டுகிறோம் என்பதில்தான் கியர் மாறுகிறது. பிடிப்பதற்கு கிளட்ச் தட்டுகளும் எஃகுப் பட்டைகளும். அவற்றை அழுத்துவது எண்ணெய். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக ஒன்று விடவேண்டும், இன்னொன்று பிடிக்கவேண்டும். கிணற்றடியில் இரண்டு பேர் நிறைகுடத்தைக் கைமாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவள் வெடுக்கென்று பிடுங்கினால் தண்ணீர் சிந்தும். வாங்குகிற கை சரியாகப் பிடிக்கும் முன்னே கொடுக்கிறவள் விட்டுவிட்டால் குடம் நழுவும். முதலாவதுதான் உதை. இரண்டாவதை மெக்கானிக்குகள் ஃப்ளேர் என்பார்கள்: ஒரு கண நேரம் எந்தப் பிடியும் இல்லாமல் எஞ்சின் "வ்ரூம்" என்று வெறுமனே ஏறி, பிறகு கியர் விழும். பயணிக்கு அது மெத்தென்று இருக்கும். ஆனால் வழுக்கிக்கொண்டே பிடிக்கிற கிளட்ச் தட்டின் மேல்பூச்சு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கருகும். பல பேர் உதைக்கிற கியர்பாக்ஸைத்தான் கெட்டது என்பார்கள். சீக்கிரம் சாவது மெத்தென்று மாறுகிறதுதான்.

எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில் கிளட்சைப் பிடிக்கவேண்டும் என்று சொல்வது மாடுலேட்டர். வேக்கம் நிறைய வந்தால், டிரைவர் மெதுவாகப் போகிறார், பூப்போலப் பிடி என்று பொருள். வேக்கம் இல்லையென்றால், கால் தரையில் இருக்கிறது, மலை ஏறுகிறோம், விடாமல் இறுக்கிப் பிடி. இது 'எப்படி' மாற்றுவது என்பது. 'எப்போது' மாற்றுவது என்பதற்குத் தனியாக ஒரு கம்பிக் கயிறு ஆக்ஸிலரேட்டர் இணைப்பிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிறது. கயிறு இறுக்கமாக இருந்தால் கியர் தாமதமாக விழும், தொய்ந்திருந்தால் அவசரப்பட்டு விழும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உதைக்கிறது என்று கயிற்றைத் தளர்த்துவார்கள், கியர் சீக்கிரம் விழுவதால் உதை கொஞ்சம் குறைந்ததுபோல் தெரியும், வண்டி மேட்டில் இழுக்காது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களை மட்டும் பார்க்கும் ஒரு கடையில் முதலில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தவர், உள்ளே கிளட்சுகள் போய்விட்டன, மொத்தமாகப் பிரித்துச் செய்யவேண்டும், 4,200 டாலர் என்றார். வண்டியின் விலையைவிட அதிகம். பானெட்டை அவர் திறக்கவே இல்லை என்பது எனக்கு உறுத்தியது. வெளியில் இத்தனை ஹோஸ்கள் தொங்கும்போது உள்ளேதான் பழுது என்று எப்படி முடிவுகட்டினார்? புரொடக்‌ஷனில் கோளாறு வந்ததும் எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிடலாம் என்று சொல்கிறவர்கள் என் வேலையிலும் உண்டு. அவர்களோடு பழகிய எச்சரிக்கை உதவியது.

இரண்டாவதாகப் போனது தெரிந்தவர் சொல்லி. மொராக்கோவிலிருந்து வந்த பெரியவர், தனியாள், இரண்டு வண்டி மட்டும் நிற்கும் கொட்டகை. காஸாபிளாங்காவில் டாக்ஸி வேலை பார்த்து வளர்ந்தவர். அங்கே நீண்டகாலம் பெரிய டாக்ஸி என்றாலே இந்த டபிள்யூ123-இன் 240டி தான். முன்சீட்டில் இரண்டு, பின்னால் நாலு என்று ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். "அதெல்லாம் கையால் போடும் கியர். இந்த ஹோஸ் வம்பு எங்களுக்கு இல்லை" என்று சிரித்தார். ஓட்டமாட்டேன் என்றார். என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்குக் கீழே சீட்டில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மைல். இறங்கி, "கிளட்ச் நன்றாக இருக்கிறது. கிளட்ச் போனால் இவ்வளவு பலமாக உதைக்க முடியாது. அதற்கு யாரோ பொய் சொல்கிறார்கள்" என்றார். காசு வாங்கவில்லை. நீயே பார், கடைசியில் மாடுலேட்டரைத் தொடு, முதலில் தொடாதே என்று மட்டும் சொன்னார்.

மாடுலேட்டர் கியர்பாக்ஸின் வலப்பக்கம், ரப்பர் மூடிக்கு உள்ளே ஒரு சின்ன டி வடிவக் கைப்பிடியோடு இருக்கும். வெளியே இழுத்து வலப்பக்கம் திருப்பினால் பிடி இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும். இரண்டு நிமிஷ வேலை. அதனாலேயே எல்லோரும் முதலில் அதைத்தான் திருப்புகிறார்கள்.

நான் எண்ணெயிலிருந்து தொடங்கினேன். எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது அளவுகோலை உருவிப் பார்க்கவேண்டும். துடைக்கும் துணியில் பஞ்சு நூல் பிரியக்கூடாது. ஒரு நூலிழை போய் உள்ளே வால்வில் சிக்கினால் போதும். எண்ணெய் சிவப்பாக இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. பெரியவர் சொன்னது சரி. இருந்தாலும் வயது தெரியாத எண்ணெய், மாற்றிவிட்டேன். இந்த வண்டியில் டார்க் கன்வெர்ட்டருக்கும் தனியாக ஒரு வடிகால் திருகு உண்டு. அது கீழே வரும்வரை முன்னால் 27 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றவேண்டும். வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான், ஏனென்று தெரியவில்லை. அப்புறம் கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்ட், ஷாஃப்டின் ரப்பர் தட்டு. இவை கிழிந்திருந்தாலும் கியர் மாறும்போது "டொக்" என்று கேட்கும், பழி கியர்பாக்ஸ்மேல் விழும். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. கயிற்றையும் பார்த்தேன், உருண்டைமேல் தொய்வில்லாமல், இழுவையும் இல்லாமல் உட்கார்ந்தது. எப்போது என்பது சரி. எப்படி என்பதில்தான் கோளாறு.

அந்த வாரம் கிளினிக் வாசலில் சாவியைத் திருப்பி எடுத்த பிறகு அம்மா கேட்டாள், "சாவிய எடுத்த பெறகும் இது பேசிட்டே இருக்கே, ஏன்யா?"

டீசல் எஞ்சினைக் கரண்டை நிறுத்தி அணைக்க முடியாது, பற்றவைக்க அதற்குத் தீப்பொறி தேவையில்லை. எண்ணெயை நிறுத்தினால்தான் அணையும். இந்த வண்டியில் சாவியைத் திருப்பியதும் டீசல் பம்பில் எண்ணெயை அடைக்கும் வேலையைச் செய்வதும் அதே வேக்கம்தான். அது உடனே அணையாமல் நாலைந்து நொடி திணறி ஓய்கிறது என்றால் வேக்கம் போதவில்லை. கதவுகளும் அப்படியே. டிரைவர் கதவைப் பூட்டினால் மற்ற மூன்றும் டிக்கியும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் வேக்கத்தில். பின் வலது கதவின் குமிழ் பாதியில் நின்றுகொண்டிருந்தது. பிரேக், கதவு, ஏ.சி.யின் காற்று மடிப்புகள், எஞ்சின் அணைப்பு, கியர் எல்லாமே ஒரே பம்பில் தொங்குகின்றன. எங்கேயோ ஒழுகும் காற்று கியரில் போய் உதையாக வெளிப்படுகிறது.

கையால் இயக்கும் வேக்கம் பம்பும் கேஜும் வாங்கினேன். நாற்பது டாலர். பம்ப் அருகில் 21 அங்குலம் காட்டியது, அது போதும். மாடுலேட்டருக்குப் போகும் குழாயில் ஐடிலில் வெறும் 5. பத்துக்கு மேலாவது இருக்கவேண்டிய இடம். அதாவது சிக்னலில் நிற்கும்போதே கியர்பாக்ஸுக்கு, டிரைவர் காலை நன்றாக அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று தகவல் போகிறது. அதுவும் விசுவாசமாக இறுக்கிப் பிடிக்கிறது. மாடுலேட்டர் ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே சிவப்பு எண்ணெய் இல்லை. இருந்திருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க இங்கே ஒரு வழக்கம் உண்டு. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை வைக்கும் குச்சி, கூம்பாக இருக்கும், அது இந்தக் குழாய்களுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தும். ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக் குச்சியைச் செருகி, கேஜ் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். பைசெக்ட் என்று நாங்கள் சொல்வது. முதல் நாள் மாலை, மெயின் குழாயிலிருந்து கிளைகள் பிரியும் இடத்தில் ஒரு ரப்பர் இணைப்பு அகப்பட்டது. நாற்பது வருஷ எஞ்சின் சூட்டில் வெந்து, விரலால் மடக்கியதும் அப்பளம்போல உடைந்தது. அடுத்த சனிக்கிழமை பின் கதவின் பூட்டு டயாஃப்ரம். கதவின் உள்பலகையைக் கழற்றி வேறு ஒன்று மாட்டினேன். எஞ்சின் பக்கம் இருந்த எல்லா ரப்பர் இணைப்புகளையும் மாற்றினேன், மொத்தம் பதினொன்று. ஒன்று இரண்டு டாலருக்குள்.

ஐடிலில் 13 அங்குலம். சாவியைத் திருப்பினால் பேச்சை வெட்டியதுபோல் எஞ்சின் அணைந்தது. நாலு கதவும் "தடக்" என்று ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. அம்மா அதை மூன்று தடவை செய்து பார்த்தாள்.

ஓட்டினால் உதை போயிருந்தது. போனதோடு மட்டுமில்லாமல் மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் எஞ்சின் ஒரு கணம் வெறுமனே ஏறியது. ஃப்ளேர். யோசித்துப் பார்த்தால் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது. எனக்கு முன்னால் யாரோ ஒருவர், ரப்பர் இணைப்புகள் ஒழுகத் தொடங்கிய காலத்தில், உதைக்கிறதே என்று படுத்துக்கொண்டு மாடுலேட்டரை இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். ஒழுக்கு கூடக்கூட இன்னும் திருப்பியிருக்கிறார். ஒழுக்கை அடைத்ததும், அவர் இளக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்துவிட்டது. இரண்டு தப்பும் சேர்ந்து ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்த வண்டி. பழைய கோடில் ஒரு பிழையைத் திருத்தினால் இருபது டெஸ்ட் விழும், அந்தப் பிழையை நம்பி யார் யாரோ எழுதி வைத்திருப்பார்கள்.

அம்மாவுக்கு இந்த நிலை பரம சுகம். கை கதவுப் பிடிக்குப் போகவே இல்லை. "இப்படியே விட்ருய்யா" என்றாள். எனக்கு ஒவ்வொரு ஏற்றச் சத்தத்திலும் கிளட்ச் தட்டு தேயும் படம் தெரிந்தது.

எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க நினைத்தேன். போனில் சத்தத்தைப் பதிவுசெய்து அலைவரிசைப் படமாக்கினேன். ஐந்து சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஐந்து முறை வெடிக்கும், அதாவது சுற்றுக்கு இரண்டரை. நிமிஷத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால் நொடிக்கு நாற்பது சுற்று, நூறு வெடிப்பு. படத்தில் நூறு ஹெர்ட்ஸில் ஒரு கோடு. கியர் விழும் இடத்தில் அந்தக் கோடு கீழே இறங்கவேண்டும். என் படத்தில் இறங்கும் முன் ஒரு திமில் இருந்தது, எட்டு ஹெர்ட்ஸ் உயரம். கணக்குப் போட்டால் சுமார் 200 சுற்று. ராத்திரி இதை மனைவியிடம் காட்டினேன். "அத்தை காதால சொல்றதுக்கு நீ கிராஃப் போட்டிருக்க" என்றாள்.

அதுவும் உண்மைதான், அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு அளவுகோல் தயாராக இருந்தது. மாட்டுவண்டி, டவுன் பஸ், ரயில். ஒரு ஞாயிறு முழுக்க இருவரும் அதைச் செய்தோம். வண்டியை ராம்ப்பில் ஏற்றி, கைப்பிடியை வலப்பக்கம் கால் சுற்று. இறக்கி, வெறிச்சோடிய தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு நடை. அம்மா தீர்ப்பு. நோட்டில் எழுதிக்கொள்வேன். திரும்ப ராம்ப். முதல் கால் சுற்றில் ரயில், திமில் ஆறு ஹெர்ட்ஸ். இரண்டாவதிலும் ரயில்தான், திமில் மூன்று. மூன்றாவதில் படத்தில் திமிலே இல்லை, கோடு சுத்தமாக இறங்கியது. புத்தகத்தில் போடலாம் போல. அம்மா, "டவுன் பஸ். நல்ல டிரைவர் ஓட்டுத டவுன் பஸ்" என்றாள். கை கதவுப் பிடிக்குப் போகவில்லை, ஆனால் மடியிலிருந்து லேசாக எழுந்து திரும்ப உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"எது வண்டிக்கு நல்லது?" என்று கேட்டாள்.

"இதுதான்மா."

"அப்போ இப்படியே வை. நான் தாங்கிக்கிடுவேன். இதுக்குப் பேரு வலியா?"

கால் சுற்று பின்னால் திருப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.

முழுசாக கியர்பாக்ஸைக் காவுகொடுத்தேன் என்று சொல்லமுடியாது. மாடுலேட்டர் கைப்பிடி மென்மையாக ஓட்டுவது, அழுத்தி ஓட்டுவது எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும், சேர்த்து இறக்கும். டீசல் பம்ப் மேலிருக்கும் அந்தப் பொய் சொல்லும் வால்வு வேறு மாதிரி. அதன் திருகுகளைத் தளர்த்தி உடலை மயிரிழை திருப்பினால், கால் லேசாக இருக்கும்போது வேக்கம் எப்படிக் குறைந்துகொண்டு போகிறது என்பதை மட்டும் மாற்றலாம். நீண்ட ஹோஸில் கேஜை மாட்டி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, அம்மா மடியில் கொடுத்து, ஓட்டிக்கொண்டே எண்களைச் சொல்லச் சொன்னேன். பதிமூணு, பதினொண்ணு, எட்டு, அஞ்சு, ஒண்ணுமில்ல. படிப்படியாக இறங்கவேண்டும், நடுவில் தொபுக்கென்று விழக்கூடாது. மூன்று நாள் பிடித்தது. கடைசியில் லேசான காலுக்கு மெத்தென்றும், ஹைவேயில் ஏறும்போது அழுத்தினால் உறுதியாகவும் மாறியது. நிதானமாகக் கிளம்பினால் எஞ்சினின் இழுவையும் குறைவு, வழுக்குவதற்கு அதிகம் இல்லை.

மிச்சத்தைக் கால் பார்த்துக்கொண்டது. இதை மொராக்கோப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார், எண்ணைக் காட்டப் போயிருந்தபோது. சத்தம் ஏறி நிற்கும் இடத்தில் காலை ஒரு நூல் எடு, கியர் விழுந்ததும் திரும்ப வை. அந்த ஒரு நூலில் வேக்கம் கூடும், இழுவை குறையும், குடம் தானாகக் கைமாறும். இடம் எனக்குப் பிடிபட வாரக்கணக்கானது. அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்த இடம். பக்கத்தில் உட்கார்ந்து "இப்போ" என்பாள். சில நாள் சொல்லாமலே இருப்பாள், நான் காலை எடுக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் லேசாக ஆட்டுவாள்.

ஆகஸ்டில் பிசியோதெரபி வாரம் ஒருமுறையாகக் குறைந்தது. அக்டோபரில் ஊருக்குப் போனாள், விமான நிலையத்துக்கும் இந்த வண்டிதான். போய்ச் சேர்ந்து பேசியபோது திருச்செந்தூருக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்வந்ததாகச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை வண்டியை ராம்ப்பில் ஏற்றி, ரப்பர் மூடியைக் கழற்றி, கைப்பிடியை வலப்பக்கம் கால் சுற்று திருப்பினேன். கேஜில் 13 அப்படியேதான் நின்றது. அந்தத் திருகல் வேக்கத்தைத் தொடாது. தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு நடை போய்ப் பதிவுசெய்தேன். திமில் இல்லை. நோட்டில் தேதி போட்டு, 'தீர்ப்பு' என்ற கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறேன்.